எஞ்சினில் எடை குறைப்பு: எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது

கேள்வி இதுதான். ஒருவர் தனக்காக ஓர் ஒற்றை இருக்கை விமானத்தை வீட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கிறார். எஞ்சின், பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் 1600 சிசி. ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிராக்கெட், எஞ்சினை விமானத்தோடு பிணைக்கும் மவுண்ட், புரொப்பல்லரை எஞ்சினோடு இணைக்கும் ஹப் மூன்றையும் எஃகுக்குப் பதில் அலுமினியத்தில் செய்து, இடம் கிடைத்த பக்கமெல்லாம் ஓட்டையும் போட்டால் ஏழெட்டு கிலோ மிச்சமாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். "7075 அலுமினியம் சாதா எஃகைவிட வலுவானது என்கிறார்கள். அப்புறம் என்ன தயக்கம்?" என்று கேட்கிறார்.

சுருக்கமாகச் சொன்னால்: ஹப்பிலும் மவுண்டிலும் கை வைக்காதீர்கள். பிராக்கெட்டை மாற்றலாம், ஆனால் உலோகத்தை மாற்றும்போது வடிவத்தையும் மாற்றியாக வேண்டும். ஏழெட்டு கிலோ வேண்டுமென்றால் அது வேறு இடத்தில் இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நீளமாகும்.

7075-டி6 என்கிற அலுமினியக் கலவை இழுவிசையைச் சுமார் 570 மெகாபாஸ்கல் வரை தாங்கும். சாதாரண எஃகு 400-ஐ ஒட்டித்தான் நிற்கும். எடையோ எஃகில் மூன்றில் ஒரு பங்கு. இதைப் படித்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்த 570 எப்படி வந்தது? ஒரு துண்டை ஒரே ஒரு தடவை, மெதுவாக, அறுந்து போகும்வரை இழுத்துப் பார்த்து வந்தது. எஞ்சினில் எந்தப் பாகமும் அப்படி வேலை செய்வதில்லை.

இந்தத் தலைவலி விமானத்தோடு கூடவே பிறந்தது. ரைட் சகோதரர்களின் 1903 எஞ்சினைக் கட்டியவர் அவர்களுடைய சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர். ஆறு வாரத்தில் முடித்தார். கிராங்க்கேஸ் எட்டு சதவீதம் செம்பு கலந்த அலுமினிய வார்ப்பு. பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டை மட்டும் எஃகில்தான் செய்தார். சுமார் 45 கிலோ எடையுள்ள எஃகுப் பலகையில் கிராங்கின் உருவத்தை வரைந்து, கோட்டை ஒட்டி வரிசையாகத் துளையிட்டு, வேண்டாததை உளி வைத்துத் தட்டி எடுத்து, மிச்சத்தை லேத்தில் கடைந்தார். முடித்தபோது அதன் எடை 9 கிலோவுக்கும் கீழே. எடை விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்தவர்கள் அவர்கள்.

அப்படிப்பட்டவர்களையே, பறந்து பார்க்கப் போன கிட்டி ஹாக்கில் ஒரு பாகம் வாரக்கணக்கில் காக்க வைத்தது: புரொப்பல்லர் ஷாஃப்ட். எடை குறைய வேண்டும் என்று குழாயில் செய்திருந்தார்கள். 1903 நவம்பர் தொடக்கத்தில் எஞ்சின் சரியாக ஓடாமல் உதறியதில் ஷாஃப்ட்கள் பழுதாகின. சொந்த ஊரான டேட்டனுக்கு அனுப்பி, இன்னும் கனமான குழாயில் செய்து வாங்கினார்கள். மாதக் கடைசியில் அதிலும் விரிசல். சகோதரர்களில் ஒருவரான ஆர்வில் தானே ஊருக்குப் போய், குழாயை விட்டுவிட்டு, அதைவிடச் சிறிய விட்டத்தில் கெட்டியான எஃகுத் தண்டாகச் செய்துகொண்டு டிசம்பர் 11 அன்று திரும்பினார். 17-ம் தேதி பறந்தார்கள்.

இதற்கு ஆர்வில் பின்னால் சொன்ன காரணம்தான் கவனிக்க வேண்டியது. முறுக்கு சீராக வந்திருந்தால் அந்தக் குழாய்கள் தேவைக்கு மூன்று நான்கு மடங்கு வலுவானவையாம். ஆனால் சீராக வராத உதையை உள்வாங்கிக்கொள்ள, பெரிய விட்டக் குழாயில் நெகிழ்வு இல்லை. மெலிந்த கெட்டித் தண்டு கொஞ்சம் முறுகிக் கொடுத்தது, பிழைத்தது. கணக்கில் வலு இருந்தும் பாகம் உடைந்தது என்றால், கணக்கில் போட்ட சுமை தப்பு.

நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பிலும் முறுக்கு விசை எகிறும், அடுத்த சிலிண்டரை அமுக்கும்போது பூஜ்யத்துக்கும் கீழே போகும். நாம் தாளில் எழுதுவது இவற்றின் சராசரியை மட்டும். அமெரிக்கச் சிறு விமான விதிகளின் 23-ம் பகுதி, பழைய வடிவில், இதற்கு வெளிப்படையாகவே ஒரு பெருக்கல் வைத்திருந்தது: ஐந்தும் அதற்கு மேலும் சிலிண்டர் என்றால் சராசரி முறுக்கை 1.33-ஆல் பெருக்கு, நாலு என்றால் 2, மூன்று என்றால் 3, இரண்டு என்றால் 4. உங்கள் எஞ்சின் 3400 சுற்றில் 50 ஹெச்பி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி முறுக்கு 105 நியூட்டன் மீட்டர். இரண்டால் பெருக்கினால் 210. அதற்கு மேல் வழக்கமான 1.5 பாதுகாப்புக் காரணி சேர்த்தால் 315. வீட்டில் கட்டும் விமானத்துக்கு இந்த விதி கட்டாயமில்லை. ஆனாலும் கணக்குப் போடும் யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் கட்சி.

அடுத்தது, எத்தனை தடவை என்பது. 3400 சுற்றில் நிமிடத்துக்கு 6800 உதை, மணிக்கு 4,08,000. நூறு மணி நேரம் பறந்தால் நாலு கோடி. கம்பியை மடக்கி மடக்கி உடைக்கிறோமே, அந்த உலோகக் களைப்புதான் இங்கே எதிரி. அலுமினியத்தின் களைப்பு வலுவைப் பெரும்பாலும் 50 கோடி சுழற்சிக்குக் கொடுப்பார்கள். 7075-க்கு அது சுமார் 160 மெகாபாஸ்கல், 6061 என்கிற இன்னொரு அலுமினியக் கலவைக்கு 97. பார்த்தீர்களா, 570 எங்கே, 160 எங்கே! அதுவும் கண்ணாடிபோல் மெருகேற்றிய மாதிரித் துண்டில் எடுத்த எண். உங்கள் எஞ்சின் அந்த 50 கோடியைச் சுமார் 1,225 மணி நேரத்தில் தொட்டுவிடும். எஃகில் ஓர் எல்லைக்குக் கீழே சுமை இருந்தால் எத்தனை கோடி உதை வந்தாலும் நடைமுறையில் கவலையில்லை, அந்த எல்லையும் அதன் இழுவலுவில் கிட்டத்தட்ட பாதி. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சின்ன உதையும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

சரி, பிராக்கெட்டுக்கு வருவோம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது விறைப்பு. எஃகின் விறைப்பு 200 கிகாபாஸ்கல், டைட்டானியம் 114, அலுமினியம் 69, மெக்னீசியம் 45. ஒவ்வொன்றையும் அதனதன் அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள், நான்குக்கும் 25, 26 என்றே வரும். எந்த உலோகத்துக்கு மாறினாலும் எடைக்கு ஏற்ற விறைப்பு கூடப்போவதில்லை. தடிமனையும் வடிவத்தையும் மாற்றினால்தான் லாபம்.

எஃகு பிராக்கெட்டை அப்படியே அதே அளவில் அலுமினியத்தில் வெட்டினால் என்ன ஆகும்? அதன் விறைப்பு மூன்றில் ஒன்றாகிவிடும். ஆனால் அதில் தொங்கும் ஆல்டர்னேட்டரின் எடை மாறவில்லை. எஃகில் அந்த ஜோடியின் இயல்பு அதிர்வெண் 150 ஹெர்ட்ஸ் என்று வைப்போம். 3400 சுற்றில் எஞ்சினின் உதை 113 ஹெர்ட்ஸ், எனவே அது பாதுகாப்பாக மேலே இருந்தது. அலுமினியத்தில் அதுவே 88-க்கு இறங்கும். 88 ஹெர்ட்ஸ் என்றால் 2640 சுற்று. நிதானமாகப் பறக்கும்போது எஞ்சின் ஓடுகிற இடம் அது! எஞ்சினின் உதையும் பிராக்கெட்டின் ஆட்டமும் ஒரே தாளத்தில் சேரும் ஒத்ததிர்வு வந்து பிராக்கெட்டைச் சில மணி நேரத்திலேயே கிழித்துவிடலாம். வலு போதவில்லை என்று நினைத்து அதே வடிவத்தில் இன்னொன்று செய்து மாட்டுவார்கள், அதுவும் கிழியும். தடிமனைக் கூட்டி, முக்கோணமாகத் தாங்கு கொடுத்து, எஞ்சினோடு இரண்டு இடத்தில் பிடித்தால் அலுமினியமே போதும், எடையும் குறைவாகத்தான் இருக்கும்.

ஓட்டை போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இழுவிசையில் இருக்கும் ஒரு தகட்டில் வட்ட ஓட்டை போட்டால், அதன் விளிம்பில் தகைவு, அதாவது பரப்பளவுக்கு ஏறும் விசை, மூன்று மடங்காகும். ஓட்டையால் போன எடை சில கிராம்தான். அதன் ஓரத்தில் டிரில் விட்ட பிசிறோ கீறலோ இருந்தால் விரிசலுக்கு அதுவே பிள்ளையார் சுழி. ஃபிரெட்டிங் என்கிற, உலோகம் உலோகத்தோடு நுணுக்கமாக உரசும் தேய்மானம் போல்ட் ஓட்டையைச் சுற்றி எப்படியும் இருக்கும், அதோடு இதுவும் சேரும். சுமை குறைவான தகடு, மூடி, காற்றுத் தடுப்பு இவற்றில் ஓட்டை போடலாம், ஓரத்தைச் சுருட்டிவிட்டால் விறைப்பும் கூடும். சுமை ஓடும் பாதையில் வேண்டாம்.

இனி ஹப். இங்கே நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். வோக்ஸ்வேகன் கிராங்கில் முதல் மூன்று பேரிங் கழுத்துகள் 55 மிமீ. காரில் பெல்ட் புல்லி உட்காரும் பக்கத்து நாலாவது கழுத்து 40 மிமீ மட்டும். முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் முப்படியைப் பொறுத்தது, ஆக 55 மிமீ கழுத்து இரண்டரை மடங்குக்கும் மேல் வலுவானது. பலரும் புரொப்பல்லரை மாட்டுவது அந்த ஒல்லிப் பக்கத்தில்! போதாக்குறைக்கு அங்கே, புல்லி வழுக்காமல் பிடிக்கும் சாவிக்கட்டைக்காக வெட்டிய பள்ளம் ஒன்று உண்டு, கூர் மூலைகளோடு. ஒரு பெல்ட்டைச் சுற்றுவதற்காகச் செய்த மூக்கில், விமானம் திரும்பும்போதும் மூக்கைத் தூக்கும்போதும் சுழலும் புரொப்பல்லர் திசை மாற மறுப்பதால் எழும் கைரோ விசை வந்து வளைக்கிறது. அந்தப் பள்ளத்தில் தொடங்கி உடைந்த கிராங்குகள் உண்டு. பிறகு வந்த தீர்வு, சூடாக்கி இறுக்கமாக ஏற்றிய நீளமான எஃகு ஹப், அதற்கென்று பெரிய பேரிங். அதாவது எடை கூடியது.

கார்வேர் கதையும் இதேதான். செவ்ரோலே 1960 முதல் 1969 வரை விற்ற காரின் காற்றில் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின் அது. அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பெர்னார்ட் பீட்டன்போல் 1960-லேயே அதைத் தன் மெதுவான விமானத்தில் மாட்டிப் பறந்தார், பல ஆண்டுகள் பெரிய புகார் இல்லை. 2000-க்குப் பிறகு வேகமான விமானங்களில் அதை மாட்டத் தொடங்கியதும் கிராங்குகள் உடைந்தன, புரொப்பல்லர் பக்கத்துக் கழுத்து, கிராங்கின் கன்னம் எனப்படும் பக்கத் தகட்டோடு சேரும் அந்த மூலையில். எஃகு மட்டம் என்று யாரும் சொல்ல முடியாது, அடித்து உருவாக்கிய நல்ல கிராங்க்தான். மூலையின் வளைவு போதவில்லை, வளைக்கும் விசை கூடிவிட்டது. மூலையை நல்ல வளைவாக அரைத்தார்கள், மேற்பரப்பை நைட்ரஜனால் கடினமாக்கும் நைட்ரைடிங் செய்தார்கள், கடைசியில் புரொப்பல்லர் பக்கம் ஐந்தாவதாக ஒரு பேரிங்கே சேர்த்தார்கள். சில கிலோ கூடியது. அதைச் சுமக்க மறுத்தவர்களுக்கு என் அனுதாபம் இல்லை.

"கிராங்கையே உள்ளே குடைந்துவிட்டால்?" என்று அடுத்து கேட்பீர்கள். கணக்கு அழகாகத்தான் இருக்கும். தண்டின் நடுவே பாதி விட்டத்துக்குக் குடைந்தால் எடை 25 சதவீதம் குறையும், வலு ஆறு சதவீதம்தான் குறையும், ஏனென்றால் முறுக்கைத் தாங்குவது வெளிப்புறம். லைகமிங் நிறுவனத்தின் விமான எஞ்சின் கிராங்குகளின் முன்பக்கம் பலவற்றில் உள்ளீடற்றதே. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேற்பரப்பும் கூடவே வருகிறது. அந்த உள்துவாரத்தில் துருக்குழி விழுந்து அதிலிருந்து விரிசல் கிளம்பியதால், 1998-ல் அமெரிக்க விமான நிர்வாகம் இலைக் கோணம் மாறாத புரொப்பல்லர் போட்ட அந்த எஞ்சின்களில் உள்ளே பார்த்தாக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வீட்டு லேத்தில், டிரில் விட்டுச் சென்ற கோடுகளோடு குடையப்பட்ட கிராங்கை நான் நம்ப மாட்டேன்.

மர புரொப்பல்லர் என்றால் இன்னொன்று. முறுக்கைக் கடத்துவது போல்ட்டின் வெட்டுவலு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஹப் முகமும் மரமும் இறுக்கமாக அழுந்தி உராய்வதால்தான் பெரும்பாலும் முறுக்கு கடத்தப்படுகிறது. பருவம் மாறி மரம் காய்ந்து சுருங்கினால் இறுக்கம் போகும், போல்ட் அசையும். கழற்றிப் பார்த்தால் ஹப்பைத் தொட்ட இடத்தில் மரம் கருகியிருக்கும். ஹப்பின் முகத்தை மெலிதாக்கினால் அது போல்ட்டுகளுக்கு இடையே நெளிந்து இந்த அழுத்தத்தைத்தான் முதலில் கெடுக்கும்.

மவுண்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 4130 எஃகுக் குழாயில், வெல்டிங் செய்து, 0.9 மிமீ அல்லது 1.25 மிமீ சுவரில் செய்வது வழக்கம். அலுமினியத்தில் செய்ய நினைத்தால் 6061-ஐ வெல்டிங் செய்த இடத்தில் 310 மெகாபாஸ்கல் வலு சுமார் 165-க்கு இறங்கும். 7075-ஐ வழக்கமான முறையில் வெல்டிங் செய்யவே கூடாது, விரிசல் விடும். இதற்கு மேல் என்ன பேச? மெல்லிய வெளிர்நிறப் பெயின்ட் அடியுங்கள், விரிசல் விட்டால் கோடாகத் தெரியும்.

கேட்காவிட்டாலும் ஒரு சின்னப் பாகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: ஆயில் அழுத்தத்தை அளந்து மீட்டருக்கு அனுப்பும் பிரஷர் சென்டர் (sender). கைப்பிடி அளவு கனமான அந்தச் சென்டரை அலுமினிய அல்லது பித்தளை இணைப்பு ஒன்றில் நேராக எஞ்சினில் திருகிவிடுவார்கள். எடை குறைவு, ஹோஸும் மிச்சம். ஆனால் மெலிந்த கழுத்தின் முனையில் கனமான ஒரு பொருள் நாள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கும். கழுத்தின் முதல் மரையில் வெட்டென்று ஒடியும், எஞ்சின் ஆயில் முழுக்க வெளியே போகும். சென்டரை, எஞ்சினுக்கும் விமானிக்கும் இடையே இருக்கும் தீத்தடுப்புச் சுவரான ஃபயர்வாலில் பொருத்தி, எஞ்சினிலிருந்து ஹோஸ் வைத்து, எஞ்சின் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவே துளை உள்ள எஃகு இணைப்பைப் போடுவார்கள். ஹோஸே அறுந்தாலும் அந்தத் துளை வழியாக ஆயில் மெதுவாகத்தான் கசியும், இறங்க நேரம் கிடைக்கும். இருநூறு கிராம் கூடுதல், பரவாயில்லை.

பிளாஸ்டிக் பிரிண்டிங்கும் இப்போது புதிய ஆசை. 2025 மார்ச்சில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷைர் விமானத்தளத்தில் வீட்டில் கட்டிய கோஸி விமானம் ஒன்று இறங்கும் நேரத்தில் சக்தி இழந்தது. எஞ்சினுக்குக் காற்று போகும் முழங்கைக் குழாய், 3டி பிரிண்டரில் செய்தது, சூட்டில் இளகிச் சுருங்கிவிட்டது. 105 டிகிரி வரை இளகாது என்ற நம்பிக்கையில் மாட்டியது. விசாரணையில் சோதித்த மாதிரிகள் 53, 54 டிகிரியிலேயே இளகத் தொடங்கின. மூல வரைபடத்தில் குழாயின் வாய்க்குள் தாங்கலாக ஓர் அலுமினியத் துண்டு உண்டு. பிரிண்ட் செய்த குழாயில் அது இல்லை.

சரி, ஏழு கிலோவை எங்கே எடுப்பது? முதலில் சுழலாத, சுமை தாங்காத பொருள்களில். காரின் விசிறியும் அதன் தகட்டுக் கூடும் போய்விட்டனவா? பிளைவீல் இன்னும் தேவையா? புரொப்பல்லரே பிளைவீல் வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஸ்டார்ட்டரின் பல்சக்கரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் மிச்சம் வைத்தால் போதும். பழைய ஸ்டார்ட்டருக்குப் பதில் கியர் வைத்த சிறிய ஸ்டார்ட்டர், ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம் அயன் பாஸ்பேட். இந்த இரண்டிலேயே நீங்கள் தேடும் எடையில் பெரும்பகுதி கிடைத்துவிடும். லித்தியத்தைச் சூடான பக்கத்தில் வைக்காதீர்கள், சார்ஜிங் மின்னழுத்தம் அதற்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

எடை குறைத்தால் வலு கூடும் ஓர் இடமும் உண்டு, அதுதான் இந்த வேலையிலேயே ருசியான பகுதி. பிஸ்டன். வோக்ஸ்வேகனின் 69 மிமீ ஸ்ட்ரோக்கில், 3400 சுற்றில், பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 550 மடங்கு. பிஸ்டனில் 100 கிராம் குறைத்தால் கனெக்டிங் ராடின் போல்ட்டுகளை இழுக்கும் விசையில் 55 கிலோ குறைகிறது. நாலையும் எடை போட்டு, மிக இலேசானதற்கு மற்றவற்றைச் சமமாக்குங்கள். ராடில் எடுப்பதானால் இரண்டு முனைகளில் விட்டிருக்கும் மேடுகளில் மட்டும் எடுங்கள். நடுத்தண்டில் குறுக்காக அரம் போட்டால் ஒவ்வொரு கீறலும் ஒரு விரிசலின் பிறந்த இடம். மெருகேற்றுவதென்றால் நீளவாக்கில்.

டைட்டானியம் போல்ட், டைட்டானியம் பிராக்கெட் எல்லாம் பந்தயக்காரர்களுக்கு. விலைக்கும் தலைவலிக்கும் கிடைக்கும் கிராம்கள் போதாது.

கடைசியாக ஒரு கணக்கு. 320 கிலோ விமானத்தில் ஏழு கிலோ குறைந்தால் ஏறும் வேகம் நிமிடத்துக்கு மிஞ்சிப்போனால் இருபது முப்பது அடி கூடும். ஆனால் அந்த ஏழு கிலோ ஈர்ப்பு மையத்துக்கு 1.1 மீட்டர் முன்னால் இருந்தது என்றால், மையம் இரண்டரை சென்டிமீட்டர் பின்னால் நகரும். 1.2 மீட்டர் அகல இறக்கையில் அனுமதித்த இடைவெளியே பெரும்பாலும் பதினான்கு பதினைந்து சென்டிமீட்டர்தான், அதில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். மூக்கை இலேசாக்கிவிட்டு, பிறகு சமநிலைக்காக முன்னே ஈயக்கட்டி வைத்தவர்கள் உண்டு. எனவே எடுக்கும் ஒவ்வொரு பாகத்தின் எடையோடு அது இருந்த தூரத்தையும் எழுதி வையுங்கள். எஞ்சினை மாட்டியதும் மூன்று சக்கரத்துக்கும் தராசு வைத்து நிறுத்துப் பாருங்கள், அப்புறம் பேட்டரியை எங்கே வைப்பது என்று முடிவு செய்யலாம்.